துப்பாக்கிக்குப் போகும் பணமும் பெண்ணின் தலைச்சுமையும்

இம்முறை பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் நாட்டின் வரவு செலவுத் திட்டம். "அது கொழும்பில் இருக்கும் பெரியவர்களின் கணக்கு. காணியையும் வீட்டையும் விட்டு வந்திருக்கிற எங்களுக்கு அது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. முகாமிலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு இன்றைய கவலை கூரைத் தகரமும் குடிதண்ணீரும் பிள்ளையின் பாடசாலையும்தான். ஆனால் அந்தத் தகரமும் தண்ணீரும் ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இப்பாடத்தில் நாம் கற்றுக்கொள்ள விரும்புவது ஒன்றே. அரசு ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் அந்த வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. அது வீட்டுக்குள் வருகிறது. வந்து, பெரும்பாலும் பெண்ணின் தலையில் ஏறி அமர்ந்துகொள்கிறது. ஆகவே ஒரு நாடு ஆயுதத்துக்கு எவ்வளவு, பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் எவ்வளவு என்று பிரிக்கும்போது, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சமத்துவத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

இதைத் தனியாக வாசிப்பதைவிட எட்டுப் பத்துப் பேர் குழுவாக அமர்ந்து வாசிப்பது நல்லது. குழுவில் பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும்.

1. இரண்டு பைகள்

ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை இரண்டு பைகளில் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வேலி கட்டவும் காவலுக்கும். மற்றது சாப்பாடு, மருந்து, கொப்பி, பென்சில் ஆகியவற்றுக்கு. வேலி தேவையில்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். பன்றி வந்து கிழங்கைத் தோண்டிவிட்டால் என்ன செய்வது? ஆனால் வேலிக்கே பாதி வருமானம் போனால் உள்ளே இருக்கும் பிள்ளை மெலிந்து போகும்.

அரசின் கணக்கும் இப்படித்தான். முதற் பை பாதுகாப்புச் செலவு. படையினரின் சம்பளம், சீருடை, உணவு, ஆயுதம், வாகனம், கப்பல், விமானம் எல்லாம் அதில் அடங்கும். இரண்டாவது பை சமூகச் செலவு. கல்வி, சுகாதாரம், குடிநீர், வீடமைப்பு, ஏழைகளுக்கான கொடுப்பனவு என்பன அதில் வரும். இரண்டு பைக்கும் பணம் வருவது ஒரே இடத்திலிருந்து. நாம் வாங்கும் சவர்க்காரத்திலும் பால்மாவிலும் கட்டும் வரி அதில் இருக்கிறது.

2. எண்கள் சொல்வது

1980களின் தொடக்கத்தில் இலங்கையின் பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 1 வீதமாக இருந்தது. 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் போர் வளர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் அந்தச் செலவு ஏறத்தாழ 5 வீதமாயிற்று. அதாவது நாடு முழுவதும் ஓராண்டில் உழைத்த ஒவ்வொரு 100 ரூபாவிலும் 5 ரூபா போருக்குப் போனது. அந்த ஆண்டுகளில் கல்விக்குக் கிடைத்தது 3 ரூபா அளவில்தான். 'தேசிய பாதுகாப்பு வரி' என்றே தனியாக ஒரு வரி அறவிடப்பட்டது. பொருட்களின் விலைக்குள் அது மறைந்திருந்ததால் அதைக் கட்டியவர்கள் கட்டுகிறோம் என்று அறியவில்லை. 2002 இல் பெறுமதி சேர் வரி வந்தபோதுதான் அந்தப் பெயர் மறைந்தது.

போர் 2009 மே மாதம் முடிந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிடும்போது பாதுகாப்பின் பங்கு பின்னர் 2 வீதமளவுக்கு இறங்கியது உண்மை. ஆனால் ரூபாக் கணக்கில் ஒதுக்கீடு பெருகிக்கொண்டே போனது. 2023 ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டைப் பாருங்கள்:

பாதுகாப்பு அமைச்சுக்கு 41,000 கோடி ரூபா. பொலிஸ் அடங்கிய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு 12,900 கோடி ரூபா. இரண்டும் சேர்ந்து 53,900 கோடி. சுகாதாரத்துக்கு 32,200 கோடி. கல்விக்கு 23,200 கோடி.

போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலைமை இது. அதுவும் 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்று, மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றதற்கு அடுத்த ஆண்டு. மாகாண சபைகள் ஊடாகவும் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் பணம் செலவாகிறது என்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் மறக்கக்கூடாது. அதைச் சேர்த்தாலும் எந்தப் பை கனமானது என்ற கேள்வி நீங்கிவிடாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு ஏறத்தாழ 50,700 கோடியும் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 44,200 கோடியும் ஒதுக்கப்பட்டன. வரவேற்க வேண்டிய மாற்றம். கல்வியோ அப்போதும் பாதுகாப்புக்குப் பின்னால்தான் நின்றது.

3. அந்தப் பணம் யாருடைய உழைப்பு?

ஆயுதம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்கு டொலர் வேண்டும். போர்க்காலத்தில் இந்த நாட்டுக்கு டொலர் தேடிக் கொடுத்தவர்கள் யார்? தேயிலை, ஆடைத் தொழிற்சாலை, மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுவேலை ஆகிய மூன்றையும் நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறிப்பவர் பெண். தையல் இயந்திரத்தின் முன் இருப்பவர் பெண். 1990களின் நடுப்பகுதியில் வேலைக்காக வெளிநாடு சென்றவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அளவில் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். பதுளையிலிருந்தும் பசறையிலிருந்தும் மொனராகலையிலிருந்தும், கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனவர்களும் இதில் அடங்குவர்.

நாட்டின் அந்நியச் செலாவணியின் பெரும்பகுதியைப் பெண்களின் கைகள் சம்பாதித்தன. அதில் எவ்வளவு ஆயுதத்துக்கு என்று தீர்மானித்த மேசையில் அந்தப் பெண்கள் இருக்கவில்லை. உழைப்பவர் ஒருவர், செலவைத் தீர்மானிப்பவர் வேறொருவர் என்பது எங்கள் லயக் காம்பராக்களிலும் புதிதல்லவே. மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கிக்கொண்ட வழக்கம் தோட்டங்களில் நீண்ட காலம் இருந்தது. வீட்டில் நடப்பதுதான் நாட்டிலும் பெரிய அளவில் நடக்கிறது.

4. மீரியபெத்த கற்பித்தது

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை 7.30 மணியளவில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்பது முன்னரே தெரியாத விடயமல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மக்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தெரிந்தும் குடியேற்றவில்லை. மலை சரிந்த பின் இராணுவம் வந்தது. படையினர் சேற்றில் நின்று தோண்டினர். அவர்களின் உழைப்பை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? மண்ணைத் தோண்ட ஆட்களை அனுப்ப அரசால் முடிந்தது. அதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் அந்த லயங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற முடியவில்லை. ஆள் இருந்தது, வாகனம் இருந்தது, வீட்டுக்கும் காணிக்கும் ஒதுக்கீடுதான் இருக்கவில்லை. உயிர் தப்பிய குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் வேறு தற்காலிக இடங்களிலும் காலந்தள்ளின. மாக்கல்தெனியவில் கட்டப்பட்ட வீடுகள் அவர்கள் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன.

அந்த இரண்டு ஆண்டு வாழ்க்கை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பொதுக் கூடத்தில் சேலையால் மறைப்புக் கட்டி உடை மாற்றுவது, இரவில் மலசலகூடத்துக்குத் துணை தேடுவது, வயதுக்கு வந்த மகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பது, பிள்ளை பெற்ற உடம்போடு வரிசையில் நிற்பது எல்லாம் யாருடைய பாரம்? முகாம் வாழ்வு ஆணையும் வருத்துகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு நாளையும் சுமப்பவள் பெண்.

மீரியபெத்தயோடு இது முடியவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைகள் பல இடங்களில் இறங்கி வந்தன. தோட்டத்தார் மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாக மரக்கறி பயிரிட்ட கிராமத்துக் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. இத்தகைய மலைநாட்டில் ஒரு லயத்தை உரிய காலத்தில் இடம்மாற்றுவதும் பாதுகாப்புச் செலவுதான். 'பாதுகாப்பு' என்ற சொல்லைத் துப்பாக்கிக்கு மட்டும் கொடுத்துவிட்டதே நாம் கவனிக்க வேண்டிய முதற் பிழை.

5. பெண்ணின் மணிக்கணக்கு

இப்போது ஓர் எளிய கணக்குப் போடுவோம். எடுத்துக்காட்டுக்காக ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் உடைந்துவிட்டது; திருத்தப் பணமில்லை என்கிறார்கள். பெண்கள் கீழே பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும். காலை ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம். ஆண்டுக்கு 730 மணித்தியாலம். எட்டு மணித்தியாலம் ஒரு நாள் வேலை என்றால் அது 91 நாள் வேலை. ஒரு பெண் வருடத்தில் மூன்று மாதம் சம்பளமின்றி அரசுக்காக உழைக்கிறாள் என்று அர்த்தம். குழாய்க்கான செலவை அரசு மிச்சப்படுத்தியது. அந்த மிச்சத்தைக் கட்டியவள் அவள்.

இதே முறையில் மற்றவற்றையும் பார்ப்போம்.

வைத்தியம்: தோட்டத்து மருந்தகத்தில் மருந்து இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்து வைத்தியசாலைக்குப் போகிறாள். அன்றைய பேர் போய்விட்டது. பஸ் காசும் கைக்காசு. தகப்பன் வேலைக்குப் போகலாம். தாய் போக முடியாது என்பதே எழுதப்படாத சட்டம்.

கல்வி: தோட்டப் பாடசாலைகளை அரசு 1970களில்தான் பொறுப்பேற்றது. 1945 முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இங்கு வந்து சேர அவ்வளவு காலம் பிடித்தது. பின்னர் 1980களில் சுவீடன் நாட்டு உதவியும் வந்து கட்டடங்கள் எழுந்தன. என்றாலும் பல பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றன. ஆறாம் வகுப்புக்குத் தூர நகரத்துக்குப் போக வேண்டும். பஸ் இல்லை, பாதை தனிமை. மகனை அனுப்புகிறோம். மகளை அனுப்பத் தயங்குகிறோம். தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அம்மா வரும்வரை அடுப்பு மூட்டவும் அவள் வீட்டில் தேவைப்படுகிறாள். கட்டப்படாத ஒரு வகுப்பறையின் விலையை மகள் கட்டுகிறாள்.

பிள்ளை பராமரிப்பு: பிள்ளைக் காம்பரா நன்றாக நடந்தால் தாய் மன நிம்மதியோடு மலைக்குப் போகிறாள். இல்லாவிட்டால் மூத்த பெண்பிள்ளையே பிள்ளைக் காம்பரா ஆகிறாள்.

பாதுகாப்பு: வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டது. சட்டம் நல்லது. அடிபட்ட பெண் இரவு தங்கப் புகலிடமும், அவள் மொழியில் முறைப்பாடு எழுதும் பெண் பொலிஸும் இல்லாவிட்டால் அது தாளில்தான் இருக்கும். அவை இரண்டுக்கும் பணம் வேண்டும்.

இதன் விளைவு பிள்ளையின் உடம்பிலும் தெரிகிறது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம். தோட்டப் பகுதியில் 31.7 வீதம். 2019 இல் நாடளவில் வறுமை 14.3 வீதமாக இருக்க, தோட்டப் பகுதியில் 33.8 வீதமாக இருந்தது. தாயின் நேரத்தையும் உடலையும் உறிஞ்சி நடக்கும் குடும்பத்தில் பிள்ளை எப்படி வளரும்?

6. சட்டத்தால் வந்த சமம், செலவால் வராத சமம்

ஒரு வெற்றியையும் நாம் நினைவுகூர வேண்டும். 1984 ஏப்ரலில் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை ஒரே மலையில் நின்ற பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். 1983 இன் தீயும் அச்சமும் ஆறாத காலத்தில் பெற்ற வெற்றி அது. 1983 யூலை 27 இல் பதுளை நகரம் எரிந்தது, ஹாலி-எலவுக்கும் வெலிமடைக்கும் தீ பரவியது, பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடின. அடுத்த ஆண்டே அதே மக்கள் ஒன்றுசேர்ந்து நின்றார்கள்.

ஆனால் சம்பளம் சமமானாலும் நாள் சமமாகவில்லை. ஆண் தன் வேலையை முடித்து மதியத்தோடு இறங்குகிறான். பெண் மாலைக் கொழுந்து நிறுக்கும்வரை நிற்கிறாள். பிறகு தண்ணீர், விறகு, சமையல், பிள்ளை. சம சம்பளத்தைச் சட்டத்தால் பெறலாம். சம நேரத்தைப் பெறக் குழாயும் பிள்ளைக் காம்பராவும் மருந்தகமும் பஸ்ஸும் வேண்டும். அவையெல்லாம் இரண்டாவது பையிலிருந்து வருபவை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதற் பையின் பெரும்பகுதி சம்பளமாகப் போகிறது. படையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். ஆசிரியர்களிலும் தாதியரிலும் பெரும்பாலானோர் பெண்கள். குடும்ப நல மருத்துவிச்சிகள் அனைவரும் பெண்கள். ஆகவே அரசு எந்தப் பையை நிரப்புகிறதோ அதற்கேற்ப ஆணுக்கோ பெண்ணுக்கோ அரச வேலை கிடைக்கிறது. உயர்தரம் சித்தியடைந்து வீட்டில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தால் அவள் வாழ்வும் உயரும், அவளிடம் படிக்கும் பிள்ளைகளின் வாழ்வும் உயரும்.

7. எழக்கூடிய கேள்விகள்

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? வேண்டும். எவ்வளவு என்பதே கேள்வி. இராணுவத்தின் ஆளணியை 2024 க்குள் 135,000 ஆகவும் 2030 க்குள் 100,000 ஆகவும் குறைக்கப் போவதாக 2023 ஜனவரியில் அரசே அறிவித்தது. அப்போது அனுமதிக்கப்பட்ட தொகை இரண்டு இலட்சத்துக்கு மேல். குறைக்க முடியும் என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்று கேட்பதே இனி எங்கள் வேலை.

படையில் இருப்பவரும் ஏழைத் தாயின் பிள்ளைதானே? ஆம். மொனராகலை, பதுளை மாவட்டங்களின் வறிய சிங்களக் கிராமங்களிலிருந்து ஏராளமான இளைஞர் வேறு வேலையின்றிப் படையில் சேர்ந்தார்கள். பலர் திரும்பவில்லை. கால் இழந்து வந்த மகனைப் பராமரிப்பவளும் ஒரு தாய் அல்லது மனைவிதான். வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 89,000 போர் விதவைகள் இருப்பதாக 2010 இல் அரசு தரப்பே கூறியது. சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் இந்தக் கணக்கில் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். எவருடைய வேலையையும் பறிப்பது எங்கள் நோக்கமல்ல. அந்த இளைஞருக்கு வேறு தொழிலும் பயிற்சியும் வேண்டும் என்பதும் சமூகச் செலவைச் சேர்ந்ததே.

ஆயுதச் செலவு குறைந்தால் பெண்ணின் வாழ்வு தானாக உயர்ந்துவிடுமா? இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2009 க்குப் பின் துப்பாக்கி மௌனித்தது. லயத்துக் கூரை மாறவில்லை. அரசின் வருமானத்தில் பெரும் பங்கை இன்று கடன் வட்டி விழுங்குகிறது. மிச்சமாகும் பணம் வட்டிக்கோ பெரிய வீதிக்கோ போய்விடலாம். பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்தும் செலவை நாம் பெயர் சொல்லிக் கேட்டால்தான் அது வரும்.

8. வரலாறு தரும் நம்பிக்கை

தூரத்தில் கொஸ்தாரிக்கா என்றொரு சிறிய நாடு. மத்திய அமெரிக்காவில் கோப்பியும் வாழையும் விளையும் விவசாய நாடு. உள்நாட்டுப் போர் ஒன்றுக்குப் பின் 1948 இல் அந்நாடு தன் இராணுவத்தையே கலைத்தது. 1949 இல் எழுதிய அரசியலமைப்பில் நிரந்தர இராணுவம் இல்லை என்று எழுதினார்கள். அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமையையும் வழங்கினார்கள். பின்வந்த காலத்தில் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். அயல் நாடுகள் பல போரில் எரிந்தபோது அந்த நாடு தன் பிள்ளைகளைப் படிப்பித்தது.

எங்கள் நாட்டுக்கும் நல்ல தொடக்கம் இருந்தது. 1931 இல் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. 1945 இல் இலவசக் கல்வி. பின்னர் இலவச வைத்தியம். சிறிய படையோடு, பெரிய பாடசாலைகளோடு நடந்த காலம் அது. தாய் இறப்புக் குறைந்ததும் பெண்கள் படித்ததும் அக்காலத்து ஒதுக்கீட்டின் பலன். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தோட்டத்து மக்கள். 1948 இல் குடியுரிமையையும் 1949 இல் வாக்கையும் பறிகொடுத்தோம். வாக்கில்லாதவருக்கு ஒதுக்கீடும் இல்லை. குடியுரிமைப் பிரச்சினை முடிவுக்கு வர 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆயுதப் பணத்தை ஏழைகளுக்குத் திருப்ப வேண்டும் என்பது புதிய குரலுமல்ல. 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், ஆயுதச் செலவில் ஒரு பகுதியையாவது வறியோருக்கான உலக நிதியாக மாற்றும்படி நாடுகளை வேண்டினார். 1995 இல் பீஜிங்கில் கூடிய உலகப் பெண்கள் மாநாடு, மிகையான இராணுவச் செலவைக் குறைப்பதைப் பெண் முன்னேற்றத்தின் இலக்குகளில் ஒன்றாக எழுதியது. உலகம் கேட்டதா? 2024 இல் உலக நாடுகள் இராணுவத்துக்குச் செலவிட்டது 2 இலட்சத்து 71 ஆயிரம் கோடி அமெரிக்க டொலருக்கும் மேல். பெரியவர்கள் கேட்கவில்லை என்பதற்காக நாம் சும்மா இருக்க முடியாது. எங்கள் கைக்கு எட்டும் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

9. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடத் தடை இருந்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று லயத்துப் பாதைக்கும் தண்ணீருக்கும் சபையிடம் கேட்க முடியும். அதே 2018 பெப்ரவரித் தேர்தலில் பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு இட ஒதுக்கீடு முதன்முறை நடைமுறைக்கு வந்தது. 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த பெண் உறுப்பினர் பங்கு 20 வீதத்தைத் தாண்டியது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் சபைகள் மீண்டும் இயங்குகின்றன. சபையின் அடுத்த ஆண்டுத் திட்டம் முடிவாவதற்கு முன் உங்கள் வட்டாரப் பெண் உறுப்பினரைச் சந்தியுங்கள்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி எந்த அரச அலுவலகத்திடமும் தமிழில் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாவிட்டால் தகவல் அலுவலர் எழுத உதவ வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "எங்கள் மீள்குடியேற்றத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது? எவ்வளவு செலவானது? எங்கள் லயம் இருக்கும் நிலம் பற்றிக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை என்ன?" என்று மூன்று கேள்விகள் போதும்.

மூன்றாவது, காணிப் பத்திரம். புதிய வீடும் காணியும் கிடைக்கும்போது கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் இருக்கும்படி ஆரம்பத்திலேயே கேளுங்கள். விதவையும், கணவன் கைவிட்ட பெண்ணும் தனிக் குடும்பமாகப் பட்டியலில் பதியப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான்காவது, முகாம் குழு. தண்ணீர்த் தாங்கி எங்கே, மலசலகூடம் எங்கே, விளக்கு எங்கே என்று தீர்மானிக்கும் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். அவற்றைப் பாவிப்பவருக்குத்தான் இடம் தெரியும்.

ஐந்தாவது, எங்கள் வீடு. அரசிடம் சமம் கேட்கும் ஆண், குடத்தைத் தூக்கப் பழக வேண்டும். மகனும் மகளும் அடுப்பையும் கொப்பியையும் பங்கிட்டுக்கொள்ளட்டும். இதற்கு ஒதுக்கீட்டுச் சட்டமூலம் எதுவும் தேவையில்லை.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தில் ஆண், பெண், மகன், மகள் நால்வரும் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை செய்யும் வேலைகளை மணித்தியாலப்படி ஒரு தாளில் எழுதுங்கள். யாருடைய நாள் நீளமானது?

2. அந்த வேலைகளில் அரசோ தோட்ட நிர்வாகமோ செய்திருக்க வேண்டியவை எவை? ஆண்டுக்கு எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள்.

3. இடம்பெயர்ந்த பின் உங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையாவது பாடசாலையை விட்டதா? ஆணா, பெண்ணா? ஏன்?

4. 'பாதுகாப்பு' என்றால் என்ன என்று குழுவில் உள்ள ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்தச் சொற்களில் கூறட்டும். ஆண்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

5. பிரதேச சபையிடம் அல்லது பிரதேச செயலகத்திடம் உங்கள் குழு முதலில் கேட்கப் போவது எது? கேட்கப் போகும் மூவரைத் தெரிவு செய்யுங்கள். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். போகும் நாளையும் இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.